நூறு பாகத் தகடும் ஒரு செவ்வந்திக்கல்லும்

என் வீட்டுக்காரர் அந்தக் கல்லை விரல்மேல் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. காலை வெயில் கிழக்கு ஜன்னலில் இறங்கியிருந்தது. சாரம் பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த வியர்வைகூடக் காயவில்லை. பஞ்சு வைத்த தீப்பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து, இடதுகை மோதிர விரல்மேல் வைத்துப் பார்த்தார்.

ஊதா நிறம். சுண்டைக்காய் அளவு. ஓரத்துப் பட்டைகள் மினுக்கின. நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. தண்ணீர்ச் சொட்டு வழியாகப் பார்ப்பதுபோல விரலின் தோல் தெரிந்தது, அதன் சுருக்கம் தெரிந்தது, பென்சில் சீவும்போது பிளேடு கீறிய பழைய தழும்பும் தெரிந்தது.

"என் விரல்தான் தெரியுது பிலோ" என்றார்.

உள்ளே கட்டிலில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது மட்டும் பாம்புக் காது. "கல்லு வந்துடுச்சா? குடுங்க மாப்ள, பாக்கறேன்" என்றாள்.

இவர் சட்டென்று விரல்களை மடக்கிக் கையை மூடிக்கொண்டார். "இன்னும் வேல முடியல அத்த. முடிச்சு எடுத்தாறேன்."

"முடியலன்னா என்னா? இருக்கற மாரியே குடுங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அத்த."

எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற மனுஷி என் அம்மா. ஆனால் கொஞ்ச நாள் என்பது அப்போது அவளிடம் இல்லை. அவள் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது.

பால் சட்டிக்குப் பாரம்

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் தையல் மிஷின் கதையை எழுதியதற்கே, "முன்னாடி பின்னாடி சொல்லாம பாதியிலேர்ந்து ஆரம்பிக்கிற" என்று என் தங்கை போனில் சண்டைக்கு வந்தாள். அவளுக்குப் பயந்தாவது வரிசையாகச் சொல்ல வேண்டும்.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஏதேதோ நாடுகளில் இருந்துவிட்டு, கடைசியாக மடகாஸ்கரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்காத முரட்டுக் கல். அடிப்பக்கம் சாம்பல் நிறம், நுனியில் மட்டும் திராட்சைச் சாறு மாதிரி ஊதா. செவ்வந்திக்கல் என்று தமிழில் சொல்வார்கள். அப்பா அமெத்தீஸ்த் என்பார். பிஷப்மார் மோதிரத்தில் இருப்பது இதுதான் என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினாராம்.

"நுனிய வெட்டி உனுக்கு மோதிரம் பண்ணித் தரேன்" என்றாராம். சொன்னார், அவ்வளவுதான். சொல்வதில் என் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. அவர் செத்து, அடக்கமும் முடிந்து, பாதர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போன பிறகும் அந்தக் கல் சமையலறையில்தான் கிடந்தது. பூனை தள்ளாமல் இருக்க, பால் சட்டியின் மூடிமேல் அம்மா அதைப் பாரமாக வைத்திருந்தாள்.

ஒருநாளும் அவள் மோதிரம் வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டது கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்று அவர் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து புடவை மாற்றினாள். பால் சட்டியிலிருந்து கல்லை எடுத்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, இவர் முன்னால் வைத்தாள்.

"மாப்ள, அவுரு பண்ணித் தரேன்னாரு. பண்ணல. நீங்க பண்ணிக் குடுங்க. கண்ணு இருக்கறப்பவே என் கைல போட்டு ஒரு தபா பாத்துடறேன்."

வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

இன்னொருத்தர் போட்ட படம்

இவர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பையனாக உள்ளே நுழைந்து, கொடி மாறிய பிறகும் அதே மேஜையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போட்டவர். கோடு என்றால் உயிர். இட்லித் தட்டில் சட்னியை ஊற்றினால்கூட அது ஓரத்தைத் தொடக் கூடாது. அம்மா இல்லாமல் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அத்தை கையால் சாப்பிட்டுத்தான் உடம்பில் சதை பிடித்தது. எனக்கு ஒரு புடவை எடுத்தால் அத்தைக்கு இரண்டு எடுப்பார். நான் அதற்காகச் சண்டை போட்டதும் உண்டு.

பிரான்ஸில் இருந்த அவருடைய பெரியப்பா மகன், படம் போடுகிற இவர் பித்தைத் தெரிந்து, ஒரு பத்திரிகையை அவ்வப்போது அனுப்புவார். கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் நடத்திய பத்திரிகை. ஒவ்வொரு இதழிலும் யாராவது ஒரு தொழில்காரர் தான் கண்டுபிடித்த பட்டை முறையைப் படமாகப் போட்டிருப்பார். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், கீழே ஒரு அட்டவணை. எந்தப் பட்டையை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று வரிசையாக எண்கள். இவர் அதை ஜெபப் புத்தகம் மாதிரி வைத்திருந்தார்.

அதில் பிரான்ஸ் நாட்டு மலையூர்க்காரர் ஒருவர் போட்ட படம் இவர் மனதைப் பிடித்துக்கொண்டது. இந்த ஜாதிக் கல்லுக்கென்றே வரைந்தது. அத்தை மோதிரத்துக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

சாரத்தில் முத்தையா என்று ஒரு பட்டை தீட்டுகிறவர் இருந்தார். திருச்சிப் பக்கத்து ஆள். நகைக் கடைகளுக்குச் செயற்கைக் கல் தீட்டிக் கொடுப்பார். வாயில் எப்போதும் புகையிலை, எதற்கெடுத்தாலும் அலுப்பு. கல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லு சார். குடுத்துட்டுப் போங்க, என் கைப்பழக்கத்துல போட்டுத் தர்றேன்" என்றார்.

"கடைக்கல்லு மாரி இருக்கக் கூடாது முத்தையா. நான் படம் தர்றேன், அதப் பாத்துப் போடுங்க."

"படம் பாத்து எனக்குப் பழக்கம் இல்ல சார்."

"நான் இருக்கன் இல்ல?"

அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த மலையூர்க்காரருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினார், உங்கள் படத்தை வைத்து ஒரு கல் தீட்டிக்கொள்ளலாமா என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புஸ்தகத்துல போட்டதே பாத்துச் செய்யத்தானங்க? அந்தாளு வந்து பாக்கப் போறானா?"

"ஒருத்தன் போட்ட பிளான கேக்காம எடுத்துக் கட்டுனா அது திருட்டு வூடு பிலோ. அத்த கைல திருட்டுக் கல்லப் போடச் சொல்றியா?"

அந்த வாயை என்னால் அடக்க முடியாது. பதில் வரும்வரை காத்திருந்தோம். எங்கள் வீட்டில் லூர்து மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. அம்மா தினமும் காலையில் அதன் எதிரே ஒரே இடத்தில் நின்று தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்வாள். "முகம் தெரியுது. கை தெரியுது. கால்ல இருக்கற ரோசாப்பூ தெரில" என்று சமையலறைக்குச் சத்தமாகச் சொல்வாள், மழை வருகிறதா என்று சொல்வது போல. கடிதம் போடும்போது ரோஜாப்பூ மட்டும்தான் போயிருந்தது. பதில் வரும்போது கூப்பிய கையும் போய்விட்டது.

பதில் நல்ல பதில்தான். தாராளமாகச் செய்யுங்கள், எப்படி ஜொலிக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று அந்தப் பெரியவர் எழுதியிருந்தார். இவர் அவருக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

பித்தளைத் தகடு

முத்தையா காலம் காலமாகக் குச்சியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, கண்மதிப்பில் சாய்த்துச் சாணையில் பிடிக்கிறவர். அட்டவணையில் சொன்ன கோணத்துக்குக் கல் அசையாமல் நிற்க வேண்டுமே. அதற்காக இவர் ஒரு கை செய்து கொடுத்தார். குச்சியைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கை, அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்ட ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் அரைவட்டப் பித்தளைத் தகடு.

அந்தத் தகடு இவருடைய சொத்து. பிரெஞ்சுக்காரர் நில அளவைக் கருவியிலிருந்து கழன்று, ஆபீசில் குப்பையோடு போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் புளி போட்டு அதைத் துலக்குவார். மெட்ராஸிலிருந்து வந்த புது இன்ஜினியர்கள் பிளாஸ்டிக் கோணமானி வைத்திருப்பதைக் கேலி செய்வார்.

"புஸ்தகமும் பிரெஞ்சு, தகடும் பிரெஞ்சு. மயிரிழ தப்பாது" என்று தகட்டை முத்தையாவிடம் கொடுக்கும்போது சொன்னார். நானும் கூட நின்றேன். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

முத்தையா நுனியை அறுத்து, கல்லின் அடிப்பக்கச் சரிவுகளை அட்டவணைப்படி தீட்டி முடித்தார். அடுத்தது கல்லின் இடுப்பு, அதாவது சுற்றுச்சுவர். அது செங்குத்தாக நிற்க வேண்டும். அட்டவணையில் தொண்ணூறு என்று போட்டிருந்தது. முள்ளைத் தொண்ணூறில் வைத்துத் தீட்டினால் சுவர் சாய்ந்தது.

"சார், இடுப்பு சாயுதே" என்றார் முத்தையா.

இவர் குனிந்து பார்த்தார். இரும்புக் கையை ஆட்டிப் பார்த்தார். "மூட்டு லூசா இருக்கும்" என்றார்.

"அப்ப இடுப்ப என் கைக்கு உட்ருங்க. கண்ண மூடிக்கிட்டு நேராப் போடுவேன்."

சரி என்று இவரும் தலையாட்டினார். முத்தையா கையாலேயே சுவரை நேராக்கிவிட்டார். அந்தச் சாய்வு ஏன் வந்தது என்று இரண்டு பேரில் ஒருவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். முத்தையாவுக்குத் தன் கையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். இவருக்குத் தகட்டின்மேல் சந்தேகம் வருமா என்ன? மாதாமேல் வந்தாலும் வரும்.

பிறகு மேல்பக்கத்தையும் தீட்டி, பாலிஷ் போட்டு, அரக்கிலிருந்து பெயர்த்துக் கையில் எடுத்தபோதுதான் நடு ஓட்டையாகத் தெரிந்தது. அந்தக் காலைதான் நான் முதலில் சொன்னது.

தொண்ணூறும் நூறும்

கையை மூடிக்கொண்டவர் அன்று ஆபீசுக்குப் போகவில்லை. சாரத்துக்குத் திரும்பிப் போய் இரும்புக் கையையும் தகட்டையும் கழற்றிக் கொண்டுவந்தார். என் தையல் மேஜைமேல் வைத்தார். துணி வெட்ட நான் வைத்திருந்த மூலைமட்டத்தைக் கேட்டார். அதை மேஜைமேல் நிறுத்தி, இரும்புக் கையை அதன் செங்குத்து ஓரத்தோடு ஒட்டி வைத்து, முள்ளைப் பார்த்தார்.

முள் நூறில் நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிலோ, இது கிராத் தகடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சொன்னார். நம் பள்ளிக்கூடத்தில் செங்கோணம் என்றால் தொண்ணூறு பாகம். பிரெஞ்சுக்காரர்கள் நிலம் அளக்க வைத்திருந்த கருவியில் அதே செங்கோணத்தை நூறு பாகமாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பாகத்துக்குப் பெயர் கிராத். கல் தீட்டுகிறவர்கள் பிரான்ஸிலும் தொண்ணூறு கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். அட்டவணையில் வெறும் எண் மட்டும் இருந்தது. நாற்பத்து மூன்று என்று போட்டிருந்ததை இவர்கள் நூறு பாகத் தகட்டில் வைக்கப் போய், சரிவு படுத்துவிட்டது. இந்தக் கல்லில் சரிவு அந்த அளவுக்குப் படுத்தால், மேலே விழுகிற வெளிச்சம் உள்ளே மோதித் திரும்பி வராது. அடிவழியாக ஒழுகிப் போய்விடும். நடுவில் விரல் தெரிந்தது அதனால்தான்.

"தெரியாதா எனக்கு? பதினேழு வயசுலேர்ந்து இதுல அளந்தவன் நான்" என்றார். "மெட்ராஸ்காரப் பசங்க யாராவது செஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

அது உண்மைதான். கிராத் என்ற ஒன்றையே கேள்விப்படாதவன் பிளாஸ்டிக் கோணமானியை வைத்துக் கல்லைச் சரியாக முடித்திருப்பான். எங்கள் ஊரில், இவரைப் போன்ற ஒருவருக்கு மட்டும்தான் அந்தத் தவறு வாய்க்கும்.

"போவுது உடுங்க" என்றேன். "ஊதாவா இருக்கு, ஓரத்துல மின்னுது. அப்படியே மோதிரத்துல பதிச்சுப் போட்டுடலாம். அம்மா கேக்குது இல்ல?"

"பொத்தல் கல்லையா அத்த கைல போடச் சொல்ற?"

"அம்மாவுக்கு அது போதும்ங்க."

"எனக்குப் போதாது."

இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எனக்குப் போதாது என்றார். அம்மாவுக்குப் போதுமா என்று உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை. பாசத்தில் செய்கிறவரை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடித் துண்டுகள்

சரிவை நிமிர்த்தி மறுபடி தீட்டலாம், இடுப்பு கொஞ்சம் குறையும், கல் சிறுத்துப்போகும் என்றார் முத்தையா. மறுநாளே தொடங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இவர் விடவில்லை. சூடு பட்டவர் இல்லையா? புதுத் தகடு ஒன்றைத் தானே அறுத்து, தொண்ணூறாகப் பிரித்து, கோடு கீறினார். ஒரு கோடு தடித்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தார். பிறகு, முதலில் கண்ணாடியில் தீட்டிப் பார்க்கலாம் என்றார். சோடா பாட்டில் கண்ணாடியில் ஒன்று. அது சரியில்லை என்று இன்னொன்று. முத்தையாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், கண்ணாடிக்கு ஒரு கணக்கு, கல்லுக்கு ஒரு கணக்கு. இதுல பாத்து என்னா ஆவப் போவுது?" என்று கேட்டார். "கை பழகட்டும்" என்றார் இவர். நடுவில் முத்தையாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்ப் படுத்தார். இவர் காத்திருந்தார். வேறு கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அம்மா படத்துக்கு எதிரே நின்று கத்துவது மெதுவாக மாறிக்கொண்டு வந்தது. "முகம் மட்டும் தெரியுது." பிறகு, "முகம் பாதி தெரியுது." பிறகு, "இன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்றாள். அன்றைக்குக் கண்ணைப் பறிக்கிற வெயில். ஒருநாள் அவள் படத்துக்கு எதிரே நிற்காமல் நேராக வந்து காப்பிக்குக் கை நீட்டினாள். டம்ளர் இருந்த பக்கத்துக்கு நீட்டவில்லை. நான் டம்ளரை அவள் கைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முத்தையா அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார்.

மோதிரம்

கல் முடிந்தது. பட்டாணி அளவுக்குச் சிறுத்திருந்தது. ஆனால் என்ன கல்! எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே நெருப்பு ஓடியது. கீழே வைத்த விரல் துளிகூடத் தெரியவில்லை. அந்த மலையூர்க்காரர் எதை நினைத்து அந்தக் கோடுகளைப் போட்டாரோ, அது அப்படியே வந்திருந்தது. தட்டாரிடம் கொடுத்துத் தங்கத்தில் பதித்துக் கொண்டுவந்தார் இவர்.

அம்மாவைக் கிழக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இவர் தரையில் முட்டி போட்டு, அவள் கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டுவிட்டார். வெயில் கல்லில் பட்டதும் எதிர்ச் சுவர் முழுக்க ஊதாப் புள்ளிகள் சிதறின. அம்மா கையை அசைத்தாள். புள்ளிகள் எல்லாம் ஓடின. அவள் முகம் சுவர் பக்கம் இல்லை. கை பக்கமும் இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்குமா. அப்பிடி மின்னுது" என்று நான்தான் சொன்னேன்.

அவள் மற்றக் கையால் கல்லைத் தடவினாள். ஒவ்வொரு பட்டையாகத் தடவினாள். பிறகு கல்லை விட்டுவிட்டு அந்த விரலைத் தடவினாள், கணுவிலிருந்து நகம்வரை.

"அன்னிக்கு விரல் தெரியுதுன்னீங்களே மாப்ள" என்றாள். "அப்பவே குடுத்துருந்தா என் விரலையாச்சும் பாத்துருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவர் தாங்கியிருப்பார். அவள் முட்டியிலேயே தலையை வைத்துக்கொண்டு, அம்மாவைப் புதைத்த பிள்ளை மாதிரி அழுதார். அவள் மோதிரம் போட்ட கையால் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தடவ, சுவரெல்லாம் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.